மாமி நம்பாத சோதனை

மாமி, இன்று காலையில் காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை எடை போட்டுக் காட்டச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே தராசில் மாட்டினார். எடை சரியாகத்தான் இருந்தது. அப்படியும் அவர் வண்டியேறும் வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது.

கொட்டாரம் ஊரில் நீங்கள் சந்தேகப்படாத ஆள் உண்டா? மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகு விற்பவளின் முகத்தையும் பார்ப்பீர்கள். பால்காரர் சிரித்தால் அன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்பீர்கள். நான் போனில் பேசினால் துணி மடிக்க அந்தப் பக்கம் வந்துவிடுவீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் உங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்த ரிப்போர்ட் வந்தது. மஸ்கட் பள்ளியில் எனக்குக் கிடைத்த வேலைக்கான மெடிக்கலில், உடலுறவில் தொற்றும் மேகநோய்க்கான ரத்தச் சோதனை பாசிட்டிவ். வேலை போனதுகூடப் பெரிதில்லை. உங்கள் மகன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "மொதல்ல இவனுக்க ரத்தத்த எடுக்கட்டும்" என்றீர்கள். அவருக்கு ஒன்றுமில்லை என்று வந்ததும் எல்லாக் கண்களும் என் மேல் திரும்பின. என் அம்மா ஓடிவந்து, "எம் பிள்ளைய எனக்குத் தெரியும், இனி ஒரு டெஸ்டும் வேண்டாம்" என்று அழுதுகொண்டே பெட்டியைக் கட்டினாள்.

நீங்கள் வாசலை மறித்தீர்கள். "ஏட்டி, ஒன்னையும் நான் நம்பல்ல, இந்தப் பேப்பரையும் நம்பல்ல. பொறப்படு நாகர்கோயிலுக்கு."

பஸ்ஸேற்றி நாகர்கோயில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள். டாக்டரம்மா என் விரல் மூட்டுகளை அழுத்திப் பார்த்தார், கன்னத்துச் சிவப்பைப் பார்த்தார், வேறு சோதனைகளுக்கு எழுதினார். முடிவு வந்த அன்று உங்களிடம்தான் விளக்கினார்.

"ரத்தத்துல எதிர்ப்புப் பொருள்னு ஒண்ணு உண்டு. கிருமியக் கண்டா அது கள்ளன்னு கையக் காட்டும். கூடச் சேந்து அடிக்கது பின்னால வர்ற கூட்டம். காம்ப்ளிமென்ட்னு பேரு, எல்லாம் புரதந்தான். இவளுக்கு அந்தக் கூட்டம் ரொம்பக் கொறஞ்சு கெடக்கு. சொந்த உடம்பையே கள்ளன்னு நெனச்சு உள்ள அடிச்சுத் தீருது."

லூபஸ் என்றார். அதே நோயில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள்தான் முதல் சோதனையை ஏமாற்றியிருக்கிறது. மேகநோயைத் தனியாகக் கண்டுபிடிக்கும் சோதனையில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சிறுநீரகத்தில் பாதிப்பு தொடங்கியிருந்தது.

"அப்போ இவ தப்பு ஒண்ணும் செய்யல்லியா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றார். திரும்பவும் கேட்டீர்கள்.

பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என்னைய நம்பியிருந்தா என்ன மாமி?"

"நம்பியிருந்தா ஒங்க அம்மைய மாதிரி எல்லாத்தையும் மூடி வச்சிருப்பேன். நீ செத்துப் போயிருப்ப."

அன்று உங்களை வெறுத்தேன். இன்றுவரை மாத்திரை போடுகிறேன், அந்தப் புரதங்களின் அளவைச் சோதித்துக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகத்தான் போய் வருகிறேன்.

போன வாரம் மகளுக்கு விரல் மூட்டு வீங்கியிருந்தது. வாலிபால் ஆடியதால் என்றாள். விடாமல் இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க உட்காரவைத்தேன். "என்னைய நம்ப மாட்டியாம்மா?" என்று கண் கலங்கினாள்.

"மாட்டேன் மக்கா" என்றேன்.

இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் மாமி. அவள் இருந்தால் போதும்.