பூசாரிக்களத்தில் ஓநாய்க்கு ஓட்டு

பூசாரிக்களம்,
வேலந்தாவளம் வழி
2-4-1957

அன்புள்ள மாமாவுக்கு நாச்சம்மாள் எழுதுவது.

நான் சுகம். நீங்களும் சுகமாயிருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் செல்லப்பிள்ளை ராசு சுகமா என்று கேட்கமாட்டேன். கேட்காமலே இரண்டு பக்கம் எழுதுவீர்கள்.

நான் பிறந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. தண்ணிக்குப் போனால், "ஏனம்மிணி, ஊட்டுக்காரரோட சண்டையா?" என்று கேட்கிறார்கள். சண்டையில்லை, வீட்டில் ஓநாய் இருக்கிறது என்றால், எல்லாப் பெண்களும் புருஷனை அப்படித்தான் சொல்வார்கள் என்று சிரிக்கிறார்கள். நிஜமான ஓநாய் என்று விளக்குவதற்குள் குடமே நிறைந்துவிடுகிறது.

போன வருஷம் எங்கள் அய்யனுடைய ஆட்டுக்காரர்கள் இந்த ஊர்ப் பாறைக் கரட்டில் தாய் ஓநாயை அடித்துக் கொன்றார்கள். பொந்தில் கிடந்த குட்டியைச் சோற்றுத் தூக்கில் போட்டுக்கொண்டு வந்து ராசு என்று பேர் வைத்தீர்கள். நானும் பாவமென்று பால் ஊற்றினேன். அது வளர்ந்து அடைக்கோழியைத் தின்றது, பொறுத்தேன். என் கூறைச்சேலையைக் குதறியதும் பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது அய்யன், "அந்த மிருகம் அங்கிருக்கற மட்டும் எம்புள்ளய அனுப்பமாட்டேன்" என்று ஊர் நடுவே சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான், உங்களுக்குத் தெரியும். அதை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நாச்சம்மாள்

ஆனைகட்டி
9-4-1957

அன்புள்ள நாச்சாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ராசு சுகம். இரண்டு பக்கம் எழுதமாட்டேன், பயப்படாதே. நான் கிண்டிய களியை முகர்ந்துவிட்டுப் போய்விட்டான். நான்தான் தின்றேன்.

எங்காவது விடு என்று எழுதிவிட்டாய். இந்த மலைக்காட்டில் விட்டால் சிறுத்தைக்கு ஒரு வேளைச் சாப்பாடு. மிருகக்காட்சிசாலைக்கு எழுதினோம், இடமில்லையாம். புதிதாக வந்திருக்கும் எங்கள் பெரிய ஆபீசர் வேறு வழி சொல்கிறார். ஓநாய் வெட்டவெளியிலும் கரட்டிலும் வாழும் மிருகமாம். அது அழிந்துபோனதால்தான் உங்கள் பக்கம் காட்டுப்பன்றி பெருகிவிட்டதாம். பிறந்த கரட்டிலேயே இவனை விட்டுவிடலாம், ஆனால் பூசாரிக்களத்து ஜனங்கள் சம்மதிக்க வேண்டும் என்கிறார்.

சம்மதிக்காவிட்டால் சுட்டுவிடச் சொல்கிறார். சுட வேண்டியவன் பாரஸ்ட் கார்டு சென்னியப்பன், அதாவது உன் புருஷன்.

உன் அய்யன் வீட்டிலும் வைக்காதே என்கிறார், கரட்டிலும் விடாதே என்பார். நீதான் பக்குவமாகப் பேசவேண்டும். நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை, நாச்சா.

அன்புடன்,
சென்னியப்பன்

பூசாரிக்களம்
20-4-1957

அன்புள்ள மாமாவுக்கு,

பக்குவமாகத்தான் பேசினேன். அய்யன் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குள் சேதி ஊருக்குள் பரவி, இப்போது ஆளுக்கொரு பேச்சு.

சுப்பாத்தாள் அக்கா, ஓநாய் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகும் என்று மூன்று நாள் ஒப்பாரி வைத்தாள். நாலாம் நாள் பன்றி புகுந்து அவளுடைய சர்க்கரைவள்ளிக் கிழங்கை எல்லாம் தோண்டிப்போட்டது. "ஓநாயி எப்பங்க வரும்?" என்று என்னிடம் வந்து கேட்கிறாள். மளிகைக்கடையோடு தோல் வியாபாரமும் செய்கிற தாவூத் ராவுத்தர், ஓநாய் கடித்த ஆட்டுத்தோலை எவன் வாங்குவான் என்று முதலில் கத்தினார். பிறகு, ஓநாய் வந்தால் லாந்தரும் முள்கம்பியும் நன்றாக விற்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து சாந்தமாக இருக்கிறார். ஓநாய் மலையாளத்து மிருகமா தமிழ் மிருகமா, புது ராஜ்யம் பிரிந்தபின் அது யார் கணக்கு என்று கேட்கிறவர்களும் உண்டு.

கடைசியில் பெரியமுத்து அண்ணன், போன மாதம் சட்டசபைக்கு ஓட்டுப் போட்டோமே, அதே மாதிரி கட்சிக்கொரு பெட்டி வைத்துவிடலாம் என்றார். பெட்டிக்குப் பதில் பானை, சீட்டுக்குப் பதில் மொச்சை. ஓநாய் வேண்டுமென்றால் ஓநாய்ப் படம் போட்ட பானை, வேண்டாமென்றால் ஆட்டுப் படம் போட்ட பானை. "வெச்சுப் பாரு! ஊரே எம்பக்கந்தான்" என்று அய்யன் மீசையை நீவிக்கொண்டார். ஊரில் மந்தை வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அவர் பேசினால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், அதை நம்பிவிட்டார்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு உங்களிடம் வந்துவிட வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அய்யனை எதிர்த்துப் பேச வாய் வரமாட்டேன் என்கிறது.

நாச்சம்மாள்

ஆனைகட்டி
27-4-1957

நாச்சாளுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். ஓட்டில் நாம் தோற்கத்தான் போகிறோம். ஓநாய்க்கு எவன் ஓட்டுப் போடுவான்? ஆபீசில் தோட்டா கொடுத்துவிட்டார்கள். துப்பாக்கியைத் துடைக்கும்போது, விளையாட்டுச் சாமான் என்று நினைத்து அவன் வந்து குழலைக் கவ்வுகிறான். நான் என்ன செய்ய?

இவனைச் சுட்டுவிட்டு உன்னைக் கூட்டிவந்தால், உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும். சொல்லக்கூடாது, சொல்லிவிட்டேன். உன் மொச்சையை ஓநாய்ப் பானையில் போடு. அம்மாவிடமும் சொல்.

சென்னியப்பன்

பூசாரிக்களம்
6-5-1957

அன்புள்ள மாமாவுக்கு,

தோட்டாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பிள்ளை ஜெயித்துவிட்டான்!

நேற்று மாரியம்மன் கோயில் முன்னால் கம்பளியைக் கட்டி மறைத்து, உள்ளே இரண்டு பானை வைத்தார்கள். ராவுத்தர் கடைப் பையன் சுண்ணாம்பில் வரைந்த ஓநாய் கழுதை மாதிரி இருந்தது. கழுதைக்கு ஓட்டா என்று நாலு பேர் திரும்பிப் போகப் பார்த்தார்கள். பெரியமுத்து அண்ணன் வாலைக் கொஞ்சம் நீட்டி வரைந்து சரிப்படுத்தினார்.

அய்யன்தான் முதலில் உள்ளே போனார். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. மொச்சை விழும் சத்தம் கேட்டது, தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெளியே வந்தார். பிறகு அம்மா, நான், ஊர் சனம் எல்லாம்.

பானையைக் கவிழ்த்தால் ஓநாய்ப் பக்கம் மொச்சை குவியலாகக் கொட்டுகிறது. ஆட்டுப் பானையில் ஒரே ஒரு மொச்சை. கீழே விழுந்திருக்கும் என்று பானைக்குள் கையை விட்டுத் துழாவினார்கள். ஒன்றே ஒன்றுதான்.

ஓநாய்மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்கே ஆச்சரியம். சுப்பாத்தாள் அக்காதான் காதோடு சொன்னாள். "ஓநாயி மாசத்துக்கு ஒரு ஆட்டத் திங்கும். உங்கய்யன் ஆடு தெனமும் எங்க காட்டு வெள்ளாமையத் திங்குது. மூஞ்சிக்கு நேரா ஆரம்மிணி சொல்றது? மொச்சைதான் சொல்லோணும்." ஊர் ஓட்டுப் போட்டது ஓநாய்க்கு இல்லை மாமா, அய்யனுடைய மந்தைக்கு எதிராக.

அம்மாவும் மறைக்கவில்லை. "என்ற புள்ள அவ ஊடு போய்ச் சேரட்டும்னு போட்டேன்" என்று சத்தமாகவே சொன்னாள். அய்யன் யாரையும் திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குப் போய்விட்டார்.

நாச்சம்மாள்

ஆனைகட்டி
16-5-1957

என் அருமை நாச்சாளுக்கு,

விட்டுவிட்டு வந்தேன். விடியும் வேளையில் ஆபீஸ் ஜீப்பில் கரட்டடிக்கு வந்தோம். கூண்டைத் திறந்தால் இறங்கமாட்டேன் என்கிறான். ஆபீசர் கை தட்டினார், டிரைவர் ஹாரன் அடித்தார். கடைசியில் ஒரு முயல் குறுக்கே ஓடியது, அதன் பின்னாலேயே போய்விட்டான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஜீப்புக்குப் பின்னால் நின்று அழுதேன். ஆபீசர் பார்த்துவிட்டார்.

உங்கள் வீட்டு ஓடு அங்கிருந்து தெரிந்தது. வரத்தான் நினைத்தேன். உன் அய்யன் முகத்தில் எப்படி விழிப்பது என்று வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டேன். வேலந்தாவளம் சந்தையில் அவ்வளவு பெரிய பண்ணைக்காரரை "ஒத்த மொச்சைப் பண்ணாடி" என்று சொல்கிறார்களாமே! டிரைவர் சொன்னார். பாவம்தான், ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊரே ஒரு பக்கம் நிற்க, தன் மொச்சையைத் தானே போட்டுக்கொண்ட மனுஷன்! ஆடிக்கு வரும்போது கொஞ்சம் சீண்டிப் பார்க்கவேண்டும்.

வீடு காலியாக இருக்கிறது. எப்போது வருகிறாய்?

உன்
சென்னியப்பன்

பூசாரிக்களம்
21-5-1957

அன்புள்ள மாமாவுக்கு,

வெள்ளிக்கிழமை வருகிறேன். அய்யன் தானே கொண்டுவந்து விடுகிறார். உங்கள் கடிதம் வந்ததும், "கூண்டு காலிதான? அப்பறம் இங்கென்ன வேல, கெளம்பு அம்மிணி" என்றார். நேற்றே கோயமுத்தூர் போய் எனக்கொரு சேலை எடுத்து வந்துவிட்டார். புதுப் படல்கள் கட்டி, இப்போது மந்தையைப் பொழுது சாய்வதற்குள் பட்டியில் அடைக்கிறார். யார் காட்டிலும் ஆடு இல்லை. ஊர்க்காரர்கள் ஓநாய்க்குப் பொங்கல் வைக்கலாமா என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஒன்று சொல்கிறேன். அய்யனைச் சீண்டாதீர்கள். அந்த மொச்சையைப் பற்றி வாயே திறக்காதீர்கள். ஊர் அவரைக் கேலி செய்கிறது, அவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறார். கேட்டுக்கொள்ளட்டும்.

அன்றைக்கு மொச்சையைக் கையில் வைத்துக்கொண்டு கம்பளிக்குள் நின்றேன். நீங்கள் எழுதியது நினைவில்தான் இருந்தது. ஆனாலும் பெற்ற மகளும் கைவிட்டாள் என்று ஆகிவிடுமே என்று மனசு கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் மாமா. ஆட்டுப் பானையில் கிடந்த அந்த ஒரு மொச்சை நான் போட்டது.

அப்படியானால் அய்யன் போட்ட மொச்சை எந்தப் பானையில் விழுந்தது என்று நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். நான் அவரிடம் கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவேன். அப்போதும் கேட்கமாட்டேன்.

உங்கள்
நாச்சம்மாள்