முன் ரூமில் இடமில்லை

திண்டிவனம்
10.06.2024

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

பிரான்சிஸ் எழுதுவது. போனை எடுக்கமாட்டேன், சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதட்டும் என்று ஆளிடம் சொல்லியனுப்பினாயாம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

சனிக்கிழமை மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டைகளை எடை போட்டுவிட்டு வந்து பார்த்தால், முன் ரூமில் கிராமபோன் இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் சொன்னார்: "உங்க சம்சாரம்தான் சார் டாட்டா ஏஸ் வெச்சி ஏத்திக்கினு போனாங்க. நீங்க சொல்லித்தான்னு நெனச்சோம்." அவர் முன்னால் நானும் சிரித்து ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அம்மா போன துக்கம் உனக்கு ஆறவில்லை. நாற்பதாம் நாள் பூசை முடிந்தும் நீ விழுப்புரத்திலேயே தங்கியதை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த கிராமபோன் மூடி போட்ட இடுப்புயரத் தேக்குப் பெட்டி. பின்பக்கத்திலிருந்து மேலே எழும் குழலின் வாய் மூன்றடி அகலம். உன் அம்மா வீடோ ஒற்றை அறை. வாசலில் குழல் நுழையுமா, சொல். அது காகிதக் கூழால் செய்தது. ஒரு மழை பட்டால் போச்சு. புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது அதை வாங்க நான் எத்தனை நாள் அலைந்தேன் என்று உனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புகிறேன். ஏற்றிவிடு. நீயும் வந்துவிடு. சாப்பாடு ஓட்டலில் ஓடுகிறது.

அன்புடன்,
பிரான்சிஸ்


விழுப்புரம்
19.06.2024

என் வீட்டுக்காரருக்கு ஜெசிந்தா தோத்திரம் சொல்லி எழுதுவது.

நான் சுகம். கிராமபோனும் சுகம். நீங்கள் அனுப்பிய வண்டிக்காரருக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

குழல் நுழையுமா என்று கேட்டிருந்தீர்கள். நுழையவில்லை. பெட்டியும் நுழையவில்லை. தச்சர் தென்னரசுவைக் கூப்பிட்டு நிலையைப் பெயர்க்கச் சொன்னேன். "இந்தப் பொட்டிக்காவ நெலைய பேக்கணுமாக்கா? வித்துட்டு ஒரு பீரோ வாங்குங்களேன்" என்றார். பேர்த்துடுங்க என்றேன். அரை நாள் வேலை. தெருவே நின்று பார்த்தது.

உள்ளே வைத்த பிறகு நிற்க இடமில்லை. இருந்த பீரோவைப் பக்கத்து வீட்டு முனியம்மாளுக்குக் கொடுத்தேன். அடுப்பை வாசலோரம் மாற்றினேன். அப்போதும் குழலின் வாய் சுவரில் இடித்தது. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்ததில் ஒரே ஒரு இடத்தில்தான் பொருந்தியது. அம்மாவின் கட்டில் கிடந்த இடம். கட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டேன். இப்போது குழலுக்கு அடியில் காலை மடக்கிப் படுக்கிறேன். எழுந்தால் நெற்றியில் இடிக்கிறது. இடிக்கட்டும்.

பிப்ரவரியில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது, நம் முன் ரூமில் ஒரு கட்டில் போட்டுக்கொள்கிறேன் என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் ரிகார்டைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "எங்க ஜெசி எடம் இருக்குது? மூத்திரம், வெந்நின்னு அந்த ஈரமெல்லாம் கொழலுக்கு ஆவாது."

அந்த ரூமில் பெட்டிக்காகப் பகலெல்லாம் ஃபேன் ஓடியது. நான் தினம் பஸ் பிடித்து இங்கே வந்து, அம்மாவைத் துடைத்து, கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்துவிட்டு, உங்களுக்குச் சமைக்கத் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் நண்பர்கள் வருவார்கள் என்பதால் அன்று மட்டும் அம்மாவை முனியம்மாள் எட்டிப் பார்த்துக்கொண்டாள். அம்மா போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

மூன்றடிக் குழலுக்கு ஒற்றை அறையில் இடம் இருக்கிறது. வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
ஜெசிந்தா


திண்டிவனம்
08.07.2024

அன்புள்ள ஜெசி,

நேற்று வந்தேன். நீ கோயிலுக்குப் போயிருந்தாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழலின் வாயில் ஈரப் பாவாடையைக் காயப் போட்டிருக்கிறாய். பெட்டி மேல் எண்ணெய்த் தூக்கு. முனியம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மாமியார் படுத்துக்கெடக்கச்சே ஒரு தபா வந்தியா நீ? பொட்டியப் பாக்க மட்டும் ஓடியாந்துட்ட." தெருவில் வைத்து ஒருமையில் கேட்டாள். நான் பஸ் ஏறினேன்.

சரி, நான் அன்றைக்குச் சொன்னது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொஞ்சம் என் நிலைமையையும் பார். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலை எங்கள் இசைத்தட்டு நண்பர்கள் இங்கே மண்டபத்தில் கண்காட்சி வைக்கிறார்கள். நோட்டீஸில் என் பெயரும் கிராமபோன் படமும் போட்டாகிவிட்டது. சென்னையிலிருந்தெல்லாம் வருகிறார்கள். பெட்டி உன்னிடம் இருப்பதைக் கண்காட்சியை நடத்தும் சீனுவாசனிடம் மட்டும் சொன்னேன். மற்றவர்களிடம் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

என்ன வேண்டும், சொல். எதுவானாலும் செய்கிறேன். குழலை மட்டும் உலர்ந்த துணியால் மூடி வை.

உன்
பிரான்சிஸ்


விழுப்புரம்
15.07.2024

வீட்டுக்காரருக்கு,

எதுவானாலும் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

அம்மாவின் பட்டன் போன் தலையணை உறைக்குள் கிடந்தது. போன வாரம் சார்ஜ் போட்டேன். அதில் ஒன்றாம் நம்பர் பட்டனை அழுத்தினால் உங்கள் போனுக்குப் போகும்படி நான்தான் பதிந்து கொடுத்திருந்தேன். என் போனை நான் எங்கேயாவது வைத்துவிடுவேன், உங்கள் போன் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும் என்று.

ஏப்ரல் ஏழாம் தேதி, ஞாயிறு. பகல் பன்னிரண்டு பத்துக்கு அம்மா உங்களைக் கூப்பிட்டிருக்கிறது. இரண்டு நிமிஷம் பேசியிருக்கிறீர்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு முனியம்மாள் சொல்லித்தான் எனக்குச் சாவு தெரியும். அடக்கத்தில் என் பக்கத்தில் நின்றீர்கள். நாற்பது நாளும் வந்து போனீர்கள். அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அம்மா என்ன சொன்னது, நீங்கள் என்ன சொன்னீர்கள், பிறகு என்ன செய்தீர்கள். மூன்றையும் உங்கள் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கண்காட்சிக்குள் பெட்டி திண்டிவனம் வந்து சேரும். இது என் வாக்கு. பொய் எழுதினால் எனக்குத் தெரியும். குழலை அடுப்பில் வைத்துவிடுவேன்.

ஜெசிந்தா


திண்டிவனம்
30.07.2024

ஜெசி,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். மறந்துவிட்டேன் என்று எழுதியிருந்த தாளை முதலில் கிழித்தேன். மறக்கவில்லை.

உன் அம்மா சொன்னார்: "மாப்ள, நெஞ்ச அடைக்கிது. ஜெசிய ஜல்தி அனுப்புங்க." இரண்டு தடவை சொன்னார். நான் சரி, அனுப்புறேன், படுத்திருங்க என்றேன். பிறகு எதற்கு போன் செய்தோமென்று அவருக்கே மறந்ததுபோல, சாப்ட்டீங்களா மாப்ள என்று கேட்டார். ஆச்சு என்று வைத்துவிட்டேன்.

முன் ரூமில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரிகார்டு ஓடிக்கொண்டிருந்தது. நீ உள்ளே பிரியாணி தம் போட்டிருந்தாய். இப்போது சொன்னால் அப்படியே போட்டுவிட்டு ஓடுவாய், இத்தனை பேருக்கு யார் பரிமாறுவது என்று நினைத்தேன். சாப்பாடு முடியட்டும் என்றிருந்தேன். முடிந்ததும் இன்னும் இரண்டு ரிகார்டு கேட்டார்கள். நான்தான் சாவி கொடுத்தேன். நாலரைக்குப் போனார்கள். அப்போதும் நீ பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாய். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். ஐந்தரைக்கு உன் போன் அடித்தது.

சாகுமளவுக்கு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. இதை யாருக்கும் காட்டாதே.

பிரான்சிஸ்


விழுப்புரம்
14.08.2024

பிரான்சிஸ் அவர்களுக்கு,

பெட்டியைத் தருவதாகச் சொன்னேன். தந்துவிட்டேன். மறுபடி நிலையைப் பேர்த்து, குழலுக்கு வைக்கோல் சுற்றி, இன்று காலை நேராக மண்டபத்துக்கே அனுப்பினேன். ஒரு கீறல் கிடையாது. சீனுவாசன் அண்ணன் இறக்கிவைத்துவிட்டு போன் பண்ணினார். "எங்க அண்ணிக்குப் பெரிய மனசு" என்றார். பெட்டியின் மேல்மூடியைப் பூட்டிச் சாவியை உறையில் போட்டு அவரிடம் கொடுக்கச் செய்திருக்கிறேன். நாளை எல்லாரும் பார்க்க மேடையில் அதை நீங்களே திறக்க வேண்டும், அதுதான் என் ஆசை என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

உங்கள் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. மூடியின் உட்பக்கத்தில் விரித்து ஒட்டியிருக்கிறேன். உங்கள் கையெழுத்து நல்ல பெரிய எழுத்து, நாலடி தள்ளி நின்றாலும் படிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத தென்னரசுதான் ஃபெவிக்கால் பூசி ஒட்டி, மேலே இரண்டு கை வார்னிஷ் அடித்தார். உரிக்க வருமா என்று கேட்டேன். "உரிச்சா மரத்தோட தோலும் சேந்துதான் வரும்க்கா" என்றார். மூடியைத் தூக்காமல் ரிகார்டு வைக்க முடியாது. இனி எத்தனை பேர் வந்து கேட்டாலும், முதலில் என் அம்மா பேசியதைப் படித்துவிட்டுத்தான் பாட்டைக் கேட்பார்கள். வேண்டாமென்றால் மூடியபடியே வைத்திருங்கள். உங்கள் முன் ரூமில் அதற்கு இடம் இருக்கிறது.

இதைச் சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன். நாளை சுதந்திர தினம், தபால் லீவு. இது உங்கள் கைக்கு வரும்போது மூடி திறந்திருக்கும்.

இனி எனக்கு எழுத வேண்டாம். உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை.

செண்பகத்தின் மகள்
ஜெசிந்தா