ஐந்து லீற்றருக்கு நூறு மில்லி

இன்று காலை நாவலப்பிட்டியில், மெஷின் சாமான் விற்கும் கடையொன்றில் நின்று ஒயில் போத்தல் ஒன்றைத் திறந்து மோந்து பார்த்தேன். பணம் கொடுக்குமுன் மூடியைத் திறந்தது கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. திறக்கும்போது மூடியின் வளையம் உடைந்த சத்தம் கேட்டதா, இல்லை அது ஏற்கெனவே உடைந்துதான் இருந்ததா என்று எனக்கு ஒரே குழப்பம். இன்னொரு போத்தலை எடுக்கச் சொன்னேன். அதையும் மோந்தேன். இரண்டிலும் ஒரே வாசனை, லேசான இனிப்போடு தொண்டையில் போய் நிற்கிற அந்தப் பச்சை ஒயிலின் வாசனை. நீ கொண்டுவந்து பழக்கிய வாசனை அது. நீ செத்துப்போய் ஐந்து மாதமாகிவிட்டது. உன்னோடு நான் பேச்சை நிறுத்தி ஆறு வருடமாகிறது. கடைக்காரர் இரண்டையும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஒன்று போதும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கடுகண்ணாவையிலிருந்து நாவலப்பிட்டி வரை, கூரைமேல் சாய்ந்த மரம் எங்கே இருந்தாலும் நம் இருவரையும்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக, மரம் அறுக்கிற மெஷின், ஒரே ஒரு செயின் சோ. மரத்தில் ஏறி அறுப்பது என் வேலை. கீழே நின்று என் இடுப்புக் கயிற்றைப் பிடிப்பதும், மெஷினுக்குப் பெற்றோல் கலப்பதும் உன் வேலை. இதில் வேடிக்கை என்னவென்றால், கயிறு விஷயத்தில் உன்மேல் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. உயிரை உன் கையில் கொடுத்துவிட்டு ஏறியவன், ஒயிலை மட்டும் உன்னை நம்பி விடவில்லை.

அது என் பிறவிக் குணம். எந்த ஷெட்டில் பெற்றோல் அடித்தாலும் ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டுக் காயவிடுவேன். கறை நின்றால் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறார்கள் என்று அந்த ஷெட்டையே விட்டுவிடுவேன். ஷெட்டில் நீண்ட வரிசை நின்ற நாட்களிலும், முதுகில் இடிக்கிற கூட்டத்துக்கு நடுவே நான் காகிதத்தை ஊதிக்கொண்டு நின்றேன். "நீ பெத்த புள்ளையவும் மோந்து பாத்துட்டுத்தான் தூக்குவ மச்சான்" என்று நீ சிரிப்பாய். நானும் சிரிப்பேன். ஆனால் அடுத்த ஷெட்டிலும் காகிதத்தை எடுப்பேன்.

அந்த மெஷினுக்குள் ஒயிலுக்கென்று தனி வழி கிடையாது. பெற்றோலோடு கலந்து போகிற ஒயில்தான் பிஸ்டனைக் காப்பாற்ற வேண்டும். குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். கூடினால் புகை கக்கும், பிளக் கரியாகும். முதலில் நாம் ஷெட்டில் கிடைக்கிற சாதாரண டூ-ஸ்ட்ரோக் ஒயிலை ஐந்து லீற்றருக்கு இருநூறு மில்லி என்று ஊற்றிவந்தோம். பிறகு ஒருநாள் நீ இந்தப் பச்சை ஒயிலோடு வந்தாய். இதற்கு நூறு மில்லி போதும், போத்தலிலேயே எழுதியிருக்கிறது என்றாய். எனக்கு அதைக் கேட்டதுமே உறுத்தியது. நேற்றுவரை இருநூறு கேட்ட மெஷினுக்கு இன்றைக்கு எப்படி நூறு போதும்? எழுதுகிறவன் எதையும் எழுதுவான், நம் மெஷினையா அவன் பார்த்தான் என்று வாதாடினேன். நீ நூறை அளந்து ஊற்றினாய். கேனில் நிறம் வெளிறிப்போய் இருந்தது.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அதற்கு அடுத்த நாளிலிருந்து என் காற்சட்டைப் பையில் இருமல் மருந்துப் போத்தல் ஒன்று இருந்தது. அதில் சரியாக நூறு மில்லி ஒயில். நீ கேனைக் கலந்து வைத்துவிட்டுக் கிளைகளை இழுக்கப் போவாய். நான் இறங்கிவந்து, டாங்கியை நிரப்புகிற சாக்கில் என் பங்கைக் கேனுக்குள் கவிழ்த்துவிடுவேன். கொஞ்ச நாள் மெஷின் புகைபோக்கி போல ஊதியது, பிளக்கைக் கழற்றிக் கழற்றித் துடைத்தாய். அப்புறம் திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டது. புகையும் இல்லை, பிளக்கும் சுத்தம். ஆனால் நீ கலந்துவைக்கிற கேன் மட்டும் முன்னைவிட வெளிறியிருந்தது. பார்த்தாயா, இவன் இப்போது நூறும் ஊற்றுவதில்லை, என் கையால்தான் இந்த மெஷின் பிழைத்துக் கிடக்கிறது என்று எனக்குள்ளே ஒரு திமிர். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

கடுகண்ணாவையில் அந்த அல்பீசியா மரத்து வேலை வந்தது அதற்கப்புறம்தான். சரிவில் நின்ற பெரிய மரம், பாதி உடம்பு வீட்டுக்கூரையின்மேல். காலையில் நான் கால்வைத்திருந்த கிளை முறிந்தது. கயிறு ஓடிய வேகத்தில் நீ கையை விட்டிருந்தால் நான் கீழே பாறையில் கிடந்திருப்பேன். நீ விடவில்லை. இரண்டு உள்ளங்கைத் தோலும் கயிற்றோடு போய்விட்டது. "கால வை மச்சான், நான் புடிச்சிருக்கேன்" என்று நீ சொன்னது, காப்பி குடிக்க வா என்று கூப்பிடுவதுபோலத்தான் இருந்தது.

மத்தியானம் பழைய சாரத்துணியைக் கிழித்துக் கைகளில் சுற்றிக்கொண்டு, அந்தக் கைகளாலேயே அடுத்த கேனைக் கலந்தாய். போத்தலின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாய். கலந்து வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டு வீட்டுப்பக்கம் போனாய். நான் வழக்கம்போலக் கேனுக்குப் பக்கத்தில் போனேன். பையில் கையை விட்டேன். மருந்துப் போத்தல் விரலில் பட்டது.

பிற்பகல், அடிமரத்தில் பாதி அறுத்திருந்தபோது மெஷினின் சத்தம் கீச்சென்று ஏறி, நின்றது. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் அசையவில்லை, பிஸ்டன் இறுகிவிட்டது. கேனில் மிச்சமிருந்ததை எடுத்துக் காகிதத்தில் விட்டேன். காய்ந்தபோது ஒயில் கறை பெயருக்குத்தான் இருந்தது. ஏறக்குறைய வெறும் பெற்றோல். வீட்டுக்காரர் நிற்கிறார், கயிறு இழுக்க வந்த இரண்டுபேர் நிற்கிறார்கள், எனக்கு ஒருவரும் தெரியவில்லை. "எத்தன நாளா இப்புடி ஒயில திருடுற?" என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காற்சட்டைப் பையைப் பார்த்தாய். குற்றமுள்ளவன் தலைகுனிகிறான் என்று நினைத்தேன்.

"நான் ஊத்துனது கொறைவுதான்" என்றாய்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் உன்னை முடித்துவிட்டேன். சாமான் கடையில் சொன்னேன், தோட்டத்தில் சொன்னேன், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன். அவனே வாயால் ஒப்புக்கொண்டான் என்றும் சேர்த்துச் சொன்னேன். உன்னை மரவேலைக்குக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. நீ மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றினாய். தோல் போன கையால் மூட்டை தூக்குவது எப்படி என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை. நெஞ்சுவலியில் நீ போனபோதும் வாசலுக்கு வராமல், ரோட்டிலேயே குடையோடு நின்றுவிட்டுத் திரும்பினேன்.

போன வாரம் உன் மனைவி ஆள்விட்டுக் கூப்பிட்டார். உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள பட்டர்புரூட் மரத்தில் ஒரு கிளை கூரையைத் தொடுகிறதாம். போனேன். கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்துவிட்டு, கிளையைப் பற்றி ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க ஏன் ஊத்தாம விட்டீங்க?"

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். என் மருந்துப் போத்தலை நீ முதல் மாதமே கண்டுவிட்டாயாம். கேட்டால் எனக்கு அவமானமாகிவிடும் என்று கேட்கவில்லையாம். அவன் எப்படியும் நூறு ஊற்றுவான், அதுதான் சரியான அளவு, நான் நிறத்துக்கு ஒரு மூடி ஊற்றினால் போதும் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாயாம். புகை நின்றதும் பிளக் சுத்தமானதும் அதனால்தான். நான் காப்பாற்றுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த மெஷினை, என் சந்தேகத்தையே அளவுக்கரண்டியாக்கி நீ நடத்திவந்திருக்கிறாய்.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். "என்னைய மாட்டிவிடத்தான் அவன் வேணும்னே ஊத்தாம விட்டான்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு அண்ணே. அது நெசமா?"

"மறந்துட்டேன்" என்றேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நாளைக்கு வந்து கிளையை வெட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஒரு வாரமாகியும் போகவில்லை. இன்று காலை ஒயில் வாங்கியது அதற்காகத்தான்.

இப்போது என்னோடு வேலைசெய்கிறவர் உன்னைப்போலப் பொறுமைசாலி இல்லை. கேனைக் கலக்கும்போது பக்கத்தில் போய் நின்று, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, என் கண்முன்னால் அளந்து ஊற்றுங்கள் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் முறைக்கிறார், திட்டுகிறார், பிறகு அளக்கிறார். சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஆறு வருடம் பிடித்திருக்கிறது. காற்சட்டைப் பை காலியாகத்தான் இருக்கிறது.

உன் மனைவியிடம் சொன்னது பொய். அன்று மத்தியானம் நான் மறக்கவில்லை. போத்தல் விரலில் பட்டது, வெளியே எடுக்கவில்லை. சாரத்துணியில் ஊறியிருந்த உன் இரத்தத்தைப் பார்த்தேன், எனக்கே என்மேல் வெட்கமாகப் போயிற்று. இவன் கலந்ததில் இனிமேல் கைவைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தேன். அதனால்தான் மெஷின் நின்றபோது அவ்வளவு வெறி வந்தது. உன்னை மாட்டிவிட நினைக்கவில்லை. நம்பினேன். அத்தனை வருடத்தில் அந்த ஒரு மத்தியானம்தான் நம்பினேன். இதைச் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்பதும் தெரியும். யாரையும் சந்தேகப்படத் தெரியாதவனாக இருந்தாய். சந்தேகப்படுவதை உனக்குப் பழக்கிவிட்டவன் நான்தான்.