இன்னும் என் பேரில் ஓடும் வேன்

ஜூன் 10, செவ்வாய்

வேனுக்கு மறுபடியும் பார்க்கிங் அபராதக் கடிதம். விற்று இரண்டு மாதமாகிறது! வாங்கியது அந்நியர் இல்லை, தங்கை நஸீஹாவின் கணவர் ஜாஃபர். உரிமை மாற்றத்துக்கு அன்றே இணையத்தில் விண்ணப்பித்துவிட்டேன். அவர் சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கில் நுழைந்து ஒப்புக்கொண்டால் போதும். ஒப்புக்கொள்ளவில்லை. கெடு தாண்டி விண்ணப்பம் காலாவதியாகிவிட்டது.

போன் செய்தேன். அக்கா என்பதற்கு, தங்கையைப் போலவே அவரும் லாத்தா என்றுதான் கூப்பிடுவார். "குடும்பத்துக்குள்ள என்ன லாத்தா அவசரம்? செஞ்சிடுறேன் லா."

குடும்பம் என்றால் ஒரு பொத்தானை அழுத்த விரல் நீளாதா?

ஜூன் 13

மறுபடி விண்ணப்பித்தேன். செய்தியும் அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

ஜூலை 2, புதன்

போக்குவரத்துப் போலிஸ் கடிதம். போன வியாழன் மாலை, குவீன்ஸ்டவுனில், என் பேரில் இருக்கும் வேன் சாலையைக் கடந்த ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. ஓட்டியவர் யார் என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான்தான் ஓட்டினேன் என்றாகிவிடும். அந்த நேரம் நான் டன்லப் ஸ்திரீட்டில், என் கடையில், பரோட்டா மாவு பிசைந்துகொண்டிருந்தேன்!

அதிகாரியிடம் பேசினேன். அடிபட்டவர் வயதான அம்மா. இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம்.

ஜாஃபர் சொல்கிறார்: "லேசா உரசுச்சு லாத்தா. எழுந்துடுவாங்கன்னு நெனச்சேன்."

நெனச்சாராம்! எறங்கிப் பாக்க என்ன கேடு?

ஜூலை 3

நஸீஹா கடைக்கே வந்து, சாப்பிடுகிறவர்கள் முன்னால் அழுதாள். "நீங்க ஓட்டினதா சொல்லிடுங்க லாத்தா. நீங்க வண்டி ஓட்டி இதுவரைக்கும் ஒரு கேஸ்கூட இல்ல, லேசா விட்டுடுவாங்க. அவருக்கு லைசென்ஸ் போனா டெலிவரி வேலையே போச்சு."

"அந்தம்மா எப்படி இருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேட்டியாடி?"

அப்படியே போய்விட்டாள்.

ஜாஃபரை விட இவள் மேல்தான் எரிகிறது. நான் தூக்கி வளர்த்தவள். என் மேலும்தான் — முதல் விண்ணப்பம் காலாவதி என்று வந்த மின்னஞ்சலை ஜூன் வரை திறக்காமலே கிடக்கவிட்டது யார்? சொந்தம்தானே என்று இருந்தது யார்?

ஜூலை 4

ஜாஃபர் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 20

நஸீஹா குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டாள். "கூடப் பொறந்தவளே காட்டிக் கொடுத்துட்டா" என்று தெம்பனிஸில் இருக்கும் மாமியிடம் சொன்னாளாம். காட்டிக் கொடுத்தேனா? அப்போ நான் பொய் சொல்லி ஜெயிலுக்குப் போயிருக்கணுமா? போகட்டும். யாரும் பேச வேண்டாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மதியக் கூட்டம் குறைந்ததும் நஸீஹா வந்தாள். ஜாஃபரின் உரிமத்தை எடுத்துக்கொண்டார்கள், வழக்கு நடக்கிறது. இப்போது டெலிவரிக்கு அவளே வேன் ஓட்டுகிறாள்.

"என் பேருக்கு மாத்திக் கொடுங்க" என்றாள். லாத்தா என்று சொல்லவில்லை. உட்காரவும் இல்லை.

நான் விண்ணப்பித்தேன். அங்கேயே நின்று அவள் ஒப்புக்கொண்டாள். ஐந்து நிமிடம் ஆகவில்லை.

கைப்பேசியைப் பார்த்தபடியே சொன்னாள்: "நேத்து அந்தம்மா வீட்டுக்குப் போனேன். வாக்கரைப் புடிச்சு நடக்குறாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

தேநீர் ஆற்றி அவள் முன் வைத்தேன். நின்றபடியே குடித்தாள், முழுவதும்.