நீர்மூழ்கி மாப்பிள்ளை

ஐப்பசி 12, செவ்வாய்.

பிள்ளைக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் இன்று கலைந்துவிட்டது. பெண்ணின் அப்பா மாகறலில் இருந்து என் நெல் மண்டிக்கே வந்தார். கடற்படையில் பையன் விமானம் தாங்கிக் கப்பலை விட்டு நீர்மூழ்கிக்கு மாறியது அவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

"பெரிய கப்பல்லியே இருந்திருக்கலாமே சம்மந்தி. இன்னாத்துக்குத் தண்ணிக்கு அடியில போவணும்?"

சரக்கு விற்கிற மாதிரியே பேசினேன். "இனிமே பெரிய கப்பலுக்குத்தான் ஆபத்து. வானத்துல இருந்து பார்த்துக்கினே ஏவுகணைய உட்டுடுவான். நீர்மூழ்கி எங்க கீதுன்னு எவனுக்கும் தெரியாது. வருங்காலமே அதுக்குத்தான்."

தலையாட்டினார். "நாயந்தான். ஆனா எங்க கீதுன்னு எம்பொண்ணுக்கும் தெரியாதே."

இத்தனை வருஷ வியாபாரத்தில் எந்தக் கிராக்கிக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. இன்று அவருக்கு ஒரு டீ சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

பிள்ளையிடம் சொல்லலாமென்றால் கடலுக்கடியில் போன் போகாது. கரையேறியதும் முதலில் அந்தப் பெண்ணைத்தான் கூப்பிடுவான். அதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும். எப்போது கரையேறுவான் என்று யாரைக் கேட்பது.