இரண்டாவது உலர்களம்

என்ன மாப்ள, எப்படி இருக்கிறாய்? போன இடத்தில் வெயில் ஒழுங்காக அடிக்கிறதா? இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். உன் ஆடுகள் எங்களைவிடச் சுகம். காலையில் அவற்றுக்குக் குழை கட்டப் போனேன். கொட்டகை மேல் விரித்திருக்கிற பிளெக்ஸ் காற்றில் அவிழ்ந்து ஒரு பக்கம் தொங்கியது. நிமிர்ந்து பார்த்தால் நீ! நெஞ்சில் கை வைத்து, பல் தெரியச் சிரிக்கிறாய். ஒரு கண்ணில் காக்கா எச்சம். துடைத்துவிட்டேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். என்ன பந்தல் என்று அப்புறம் சொல்கிறேன். நான் எழுத்துக்கூட்டி எழுதுகிறவன், சுற்றித்தான் வருவேன்.

நம் ஊருக்கு உலர்களம் கேட்டு விவசாய ஆபீசில் நீ மனுக் கொடுத்திருந்தாய். மிளகாய்ப் பழம் பறித்தால் காயப் போட நமக்குத் தார் ரோட்டை விட்டால் கரிசல் தரைதான். கோடை மழை ஒரு தூறல் போட்டால் போதும், சிவப்பெல்லாம் வெளுத்து, விலை போகாத சண்டாகிவிடும். கமுதிக்குக் கொண்டு போனால் வியாபாரி அதைக் காலால் தள்ளுவான். முந்தின வருசம் உன் வத்தல் முழுக்க அப்படித்தான் போனது.

ஆபீசிலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்தபோது, மனுவில் ஒட்டத்தான் படம் என்று நினைத்தோம்.

“மச்சான், ஒன் வெள்ளச் சட்டையக் குடு. பனியனோட நின்னா களம் தருவானா?” என்று பிடுங்கிப் போனாய்.

அந்தச் சட்டை என் மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்தது. அந்தக் கல்யாணத்தில் பந்திக்கு நடந்த சண்டையைச் சொன்னால் பொழுது போய்விடும். அன்றைக்கு அறுந்ததுதான் இரண்டாவது பித்தான். அந்த ஓட்டையை மறைக்கத்தான் நீ நெஞ்சில் கை வைத்தாய். ரைஸ் மில்காரரிடம் கெஞ்சி அவருடைய சிமெண்டுத் தரையில் வத்தலைப் போட்டிருந்தாய். அங்கேயே நிற்க வைத்து, “சிரிங்கய்யா” என்றார்கள். களம் வரப்போகிறதே என்று வஞ்சனையில்லாமல் சிரித்தாய்.

இரண்டு மாதம் கழித்து பஸ் ஸ்டாப்பில், இப்போது உன் கொட்டகை மேல் கிடக்கிற அதே பிளெக்ஸில், உன்னைவிடப் பெரிய நீ! உனக்கு வாசிக்கத் தெரியாது. நான் கூட்டிக் கூட்டிப் படித்தேன். உலர்களம் பெற்ற விவசாயி. வருமானம் பெருகியது. நெஞ்சார நன்றி சொல்கிறார். கீழே நம் ஊர்ப் பெயர். பித்தான் ஓட்டையை மறைத்த கை அவர்களுக்கு நன்றியாகிவிட்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீயோ படத்துக்குக் கீழே போய் நின்றாய்.

“ஏப்பா, இந்தாளு எந்தூருப்பா? நல்லாச் சம்பாரிச்சிருக்கான் போல!”

மாரியூரிலிருந்து கருவாட்டுக் கூடையோடு வந்த அக்கா உன்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஒங்கண்ணன் மாதிரி இருக்கான். ஆனா அவன் வெள்ளையுஞ் சொள்ளையுமால்ல இருக்கான்!”

“அவன் களம் எங்கன இருக்குன்னு கேட்டுச் சொல்லுக்கா. ஒரு ஓரமா என் வத்தலையும் போட்டுக்கிறேன்.”

அக்கா சிரித்த சிரிப்பில் கூடை சரிந்துவிட்டது.

மறுவாரம் ஆபீசுக்குப் போனோம். அதிகாரி பைலைப் புரட்டினார். “உங்க ஊருக்குக் களம் குடுத்தாச்சே. படத்துல நீங்கதான நிக்கிறீங்க? இருக்கிற ஊருக்கு மறுபடி எப்படி எழுதுறது?”

அவர்கள் தங்களையே மெச்சிக்கொண்டதில் நம் களம் காணாமல் போயிருந்தது. நீ பணிவாகக் கும்பிட்டாய்.

“சார், படத்துல இருக்கிறவனுக்கு வருமானம் பெருகிருச்சு, சந்தோசம். எனக்கு வந்து சேரல. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சியா இருக்கவும் மாத்திக் குடுத்துட்டீகளோ?”

ஆபீசே சிரித்தது. பைல் மட்டும் அசையவில்லை.

அடுத்த பறிப்பில் நீ சாக்குகளை மினி லாரியில் ஏற்றினாய். நேரே ஆபீஸ் வாசல் சிமெண்டுத் தரையில் கொட்டிப் பரப்பினாய். வாட்ச்மேன் பதறி ஓடி வந்தார்.

“ஊரெல்லாம் தேடிட்டோம், களத்தக் காணோம். சர்க்காரு களம் சர்க்காரு எடத்துலதான இருக்கும்? இதான் போலன்னு வந்துட்டோம்.”

காற்று வேறு அன்றைக்கு நம் கட்சி. நெடி ஜன்னல் வழியாக உள்ளே போனது. முதல் தும்மல் அதிகாரி. பிறகு டைப் அடிக்கிற அம்மா. பிறகு மனுக் கொடுக்க வந்தவர்கள். அரை மணி நேரம் அங்கே தும்மலைத் தவிர வேறு வேலை நடக்கவில்லை.

“அள்ளுங்கய்யா! நாளைக்கு நானே வாரேன், டேப்போட வாரேன்!” என்றார் அதிகாரி, கண்ணில் நீர் வழிய.

“அழுவாதீக சார், வருமானம் பெருகும்” என்றாய் நீ.

சொன்னபடி வந்தார், அளந்தார். “ஜெயிச்சிட்டம்ல” என்று குதித்தேன். நீ என் தோளைத் தட்டினாய். “ஏலே, அளந்துட்டுத்தான போயிருக்கான். களத்துல வெறுங்காலோட நிக்கணும். கால் சுட்டா நம்பு.”

களத்துக்கு அஸ்திவாரம் போட வானம் தோண்டிய மாசம் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நேற்று மத்தியானம் நான் நின்றேன் மாப்ள. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உச்சி வெயிலில், நம் களத்தில். சுட்டது! குதித்துக் குதித்துச் சிரித்தேன். பார்த்தவர்களுக்கு எனக்குக் கிறுக்கு என்றுதான் பட்டிருக்கும். உனக்காகவும் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றேன். உள்ளங்கால் இன்னும் எரிகிறது.

இன்றைக்குத் திறப்பு விழா. அதற்குத்தான் பந்தல். கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? இவ்வூரின் இரண்டாவது உலர்களம்! முதல் களத்தைக் கட்டியதாக எழுதியாயிற்று, அழிக்க முடியாதாம். அதே அதிகாரி சற்று முன் என் காதோரம் வந்தார்.

“பெரியவரே, விவசாயிங்க சார்பா நன்றி சொல்லுங்க. ரெண்டாவது களம்னு சேத்துச் சொல்லிருங்க. ரெக்கார்டுக்கு வேணும்.”

நான் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்த இல்லாத களத்துக்கு நானே சாட்சி. அப்புறம் யார் கேட்டாலும் என் பேச்சைத்தான் காட்டுவார்கள். யோசித்துப் பார்த்தேன். சுடுகிற தரையை இனி யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பிறகென்ன பயம்? மைக் கைக்கு வந்ததும், “சார், ரெண்டாவது களம் நல்லாச் சுடுது, ரொம்ப நன்றி. மொதக் களத்தையும் மிதிச்சுப் பாத்துருவோம், நீங்க முன்னால நடங்க” என்று சொல்லி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பந்தலில் இருக்கிற அத்தனை பேரையும் அந்த இல்லாத களத்தைத் தேடக் கூட்டிக்கொண்டு

“பெரியப்பா! மைக்ல ஒங்களத்தான் கூப்புடுறாக, வாங்க!”

இந்தா வாரேன். மாப்ள, நீயும் எந்திரி, நாம ரெண்டு பேருமா