அக்கரை சேர்ந்தவன் எழுதுவது

கடித எண் 212
பினாங்கு, டத்தோ கிராமட் சாலை
1934-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 8-ஆம் தேதி, வியாழக்கிழமை
(பவ வருஷம் ஐப்பசி மாதம் 23-ஆம் தேதி)
காலை மணி 8.25, மழை அளந்தபின்

சௌபாக்கியவதி நவமணிக்கு உன் தகப்பனார் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. கடவுள் கிருபையால் நானும் உன் தாயாரும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை திருநாவுக்கரசு அவர்களும் குழந்தையும் திருச்சிராப்பள்ளியில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பிக்கை மட்டும் போதாது, ஆதலால் விவரமாக எழுதவும், எழுதும்போது தேதி போடவும். சென்ற கடிதத்தில் செவ்வாய்க்கிழமை என்று மட்டும் எழுதியிருந்தாய். எந்தச் செவ்வாய் என்று தபால் முத்திரையைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, அக்டோபர் 16 என்று கண்டுகொண்டேன். இங்கே முந்தாநாள் தீபாவளி. விடியற்காலை தொடங்கிய மழை எட்டு மணிக்குள் ஓர் அங்குலம் முப்பத்தெட்டு சென்ட் பெய்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பட்டாசெல்லாம் நமத்துப் போயிற்று. உன் தாயாருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் ஈரத்தில் மார்க்கெட்டுக்குப் போகாதே என்றால் கேட்கிறதில்லை. அதிரசம் இந்த வருஷம் சற்றுக் கடினம். இதை எழுதினேன் என்று அவளுக்கு எழுதாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது நீ மட்டும் செய்யக்கூடிய காரியம். டிசம்பர் 14-ஆம் தேதிக்குள் செய்ய வேண்டியது. நான் ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்குத் தோட்டத்திலுள்ள மழைமானியைப் பார்த்து எழுதுவதையும், வருஷ முடிவில் அந்தப் புத்தகத்தைக் காவிரிக் கரையிலுள்ள என் பழைய கல்லூரிக்கு அனுப்புவதையும் நீ சிறு வயது முதல் அறிவாய். 1919-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி தொடங்கியது, இதுவரை பதினைந்து புத்தகங்கள் போயிருக்கின்றன. நீ அறியாதது ஒன்று உண்டு. அவற்றில் எதிலும் நான் என் பெயரை எழுதியதில்லை. "பினாங்கிலிருந்து ஒரு பழைய மாணவன்" என்று மட்டுமே எழுதினேன், முகவரியும் கொடுக்கவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்; சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்ற சனிக்கிழமை, 3-ஆம் தேதி, அடுத்த வருஷத்துக்கான புத்தகம் வாங்கச் சூலியா தெருவில் காஜா மொய்தீன் காகிதக் கடைக்குப் போயிருந்தேன். அவருடைய மருமகன் ஹபீப் முகம்மது அதே கல்லூரியில் படித்துத் தேறிச் சென்ற மாதம்தான் கப்பலில் வந்திறங்கியிருக்கிறார். அவர் கொண்டுவந்த கல்லூரி ஆண்டு மலரைக் காஜா மொய்தீன் என் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, என் முகத்தையும் மலரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க லா. மருமவன் படிச்ச காலேஜ்ல ஒங்கள மௌத்தாக்கி வச்சிருக்காங்க. நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சாம். அப்ப மாசாமாசம் எங்கிட்ட மை வாங்குறது யாரு?" என்றார். கடையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படிக்க வேண்டியிருந்தது. மலரின் 41-ஆம் பக்கத்தில் காலஞ்சென்ற பழைய மாணவர்களின் பட்டியல். ஒருவர் சிவபதம் அடைந்தார், ஒருவர் காலமானார், ஒருவர் இறைவனடி எய்தினார். ஒன்பதாவது பெயர் கு. தில்லைநாயகம், பி.ஏ. எதிரே, "தமையனார் கடிதப்படி 27-6-1893-இல் அக்கரை சேர்ந்தார்" என்று அச்சிட்டிருந்தார்கள்.

1893-ஆம் வருஷம் ஜூன் 21-ஆம் தேதி புதன்கிழமை நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். 27-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பினாங்கில் இறங்கினேன். இறங்கிய தேதியைத்தான் உன் பெரியப்பா சுப்பையா அப்படி எழுதியிருக்கிறார். 1901-இல் பழைய மாணவர் சங்கம் ஆரம்பித்தபோது எல்லார் வீட்டுக்கும் விசாரித்து எழுதினார்களாம். அண்ணன் எதையும் ஒரு வரிக்கு மேல் எழுதுகிறவர் அல்லர். எங்கள் பக்கத்தில் அக்கரை என்றால் மலாய் நாடுதான். பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் அக்கரை போனவன் ஒருவன் இருப்பான். அதைப் படித்த காரியதரிசி வேறு ஊர்க்காரர் போலும். வேறு அக்கரை ஒன்றையே அவர் நினைத்திருக்கிறார். அண்ணனும் போய் ஒன்பது வருஷமாகிறது, கேட்க ஆளில்லை. வீட்டுக்கு வந்து உன் தாயாரிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஒரு கடுதாசி போடாத ஆம்பளைய வேற என்னன்னு எழுதுவாங்க?" என்றாள். நான் தோட்டத்துக்குப் போய், அளக்க வேண்டிய நேரம் இல்லாதபோதும் மழைமானியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதே தாளின் மறுபுறம், 42-ஆம் பக்கத்தில், பெயரறியாத பினாங்கு அன்பருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். நான் இறந்திருப்பது ஒரு பக்கம், என் மழை பெய்துகொண்டிருப்பது மறுபக்கம். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. அந்தப் பக்கத்தை எழுதியவர் சந்திரசேகரன். அவரை உனக்கு நான் சொன்னதில்லை. கல்லூரி மொட்டை மாடியிலிருந்த மழைமானியை நாங்கள் இருவரும் பார்த்துவந்தோம். ஒற்றைப்படைத் தேதி எனக்கு, இரட்டைப்படைத் தேதி அவருக்கு. மழையே இல்லாத சித்திரை மாதத்தில்கூட விடாமல் ஏறிப் பார்த்து, இருவரும் மாறி மாறிப் பூஜ்யம் போடுவோம். அவர் அங்கேயே ஆசிரியராகி, அந்த மாடியையும் மாணவர்களையும் நாற்பது வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கப்பலேறுமுன் நான் அவரிடம், போய்ச் சேர்ந்தவுடன் அவ்வூர் மழையை எழுதி அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். முதல் மாதம் வேலை தேடி அலைந்ததில் போயிற்று. இரண்டாவது மாதம் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. ஒரு வருஷமானபின் காரணம் கடிதத்தைவிட நீளமாகிவிட்டது. இருபத்தைந்து வருஷமானபின் பெயரைப் போடும் தைரியம் இல்லாமல் மழையை மட்டும் அனுப்பத் தொடங்கினேன். இதுதான் காரணம்.

அவர் எழுதியிருப்பதை நீ கேட்க வேண்டும். பினாங்குப் புத்தகங்களைப் பதினைந்து வருஷமாக வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தியதாகவும், அந்த ஊர் மழையைச் சதுரத் தாளில் வரையாத மாணவன் தம் வகுப்பில் இல்லை என்றும் எழுதிவிட்டு, "இந்த அன்பர் ஏழு என்ற எண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுக்கிறார். என்னோடு படித்து இளம் வயதில் மறைந்த ஒருவரும் அப்படித்தான் இழுப்பார். அதனால் ஏழு வரும் நாட்களை மட்டும் நான் மெதுவாக வாசிப்பேன்" என்று முடித்திருக்கிறார். சென்ற வருஷம் மார்வலி வந்து இரண்டு மாதம் படுத்திருந்தாராம். டிசம்பர் 14-ஆம் தேதி, கல்லூரி நிறுவிய நாள் விழாவோடு ஓய்வு பெறுகிறார். அன்று மாலை நாலரை மணிக்கு மறைந்தவர்களின் பெயர்களை எழுந்து நின்று வாசிப்பவரும் அவரே. 1901 முதல் முப்பத்துமூன்று முறை என் பெயரை வாசித்திருக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு மூச்சு அளவு நிறுத்துவது வழக்கமாம், ஹபீப் முகம்மது சொன்னார். என் பெயருக்குப் பின்னால் கொஞ்சம் அதிகமாக நிறுத்துவார், அது ஏன் என்று பையன்களுக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

இந்த ஐந்து நாளாக எனக்கு வேறு நினைவில்லை. பகலில் மழை ஓட்டின்மேல் விழும்போது சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினால், அந்த மண்டபம் தெரிகிறது. உயரமான ஜன்னல்கள், ஆற்று வெளிச்சம் கூரையில் ஆடுகிறது, வெள்ளை வேட்டி கட்டிய பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள், யாரோ என் பெயரைச் சொல்லி நிறுத்துகிறார்கள். நான் பின்வரிசையில் நிற்பது போலவும், வந்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுப்பது போலவும், வாயிலிருந்து மழைச் சத்தம் மட்டும் வருவது போலவும் இருக்கிறது. அந்த நிறுத்தங்களின்போது நான் எங்கே இருந்தேன் என்று என் நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். 1912-ஆம் வருஷம் அதே நாள், சனிக்கிழமை, அங்கே நாலரை என்றால் இங்கே அப்போது ஆறு மணி. உனக்குப் பொன்னுக்குவீங்கி, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்திருக்கிறேன். 1920-இல் செவ்வாய்க்கிழமை, எதிரிலுள்ள பிறை ஊரிலிருந்து வரும் படகுக்காகத் துறையில் குடையில்லாமல் நின்றிருக்கிறேன். சென்ற வருஷம் முதல் இங்கே கடிகாரத்தை இருபது நிமிஷம் முன்னே தள்ளிவிட்டபடியால் ஆறு மணி இருபது நிமிஷம். சென்ற வருஷம் அந்த வேளையில் உன் தாயாரோடு சர்க்கரைக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். இவ்வளவு சாதாரணமாக உயிரோடிருந்த வேளைகளில், ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் ஒரு மண்டபம் முழுவதும் எனக்காகப் பேசாமல் நின்றிருக்கிறது.

ஒரு நாள் முழுவதும் இப்படியே விட்டுவிடலாம் என்றுகூட எண்ணினேன் என்பதை உனக்கு மறைக்கவில்லை. இறந்தவனாக இருக்கும்வரை என்மேல் ஒரு குற்றமும் கிடையாது. உயிரோடிருக்கிறேன் என்று தெரிந்த நிமிஷம் முதல், நாற்பத்தொரு வருஷம் எழுதாதவன் ஆகிவிடுவேன். ஆனால் இந்த முறை அவர் கடைசியாக வாசிக்கப் போகிறார். அதை நினைத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. தந்தி கொடுக்கலாம் என்று வாசகம் எழுதிப் பார்த்தேன். மார்வலிக்காரருக்குத் தந்திச் சேவகன் கையால் அந்தச் செய்தி போகக் கூடாது. ஆகவே நீ போக வேண்டும். டிசம்பர் 9-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு கல்லூரி இருக்கும் ஊருக்குப் போ, கல்லூரியில் விசாரித்தால் அவர் வீட்டைக் காட்டுவார்கள். சாப்பாட்டு வேளையில் போகாதே. பத்து மணிக்கு மேல், பதினொன்றுக்குள் போ. அவரை மாமா என்று கூப்பிடு. பினாங்கிலிருந்து வந்தவள் என்று மட்டும் சொல்லி, அவர் உட்கார்ந்தபின் இந்த வருஷத்து மழைப் புத்தகத்தைக் கையில் கொடு. நீ ஒன்றும் பேசாதே. அவர் முதலில் இருந்து பார்ப்பார், ஏழுகளில் மெதுவாகப் போவார், அவசரப்படுத்தாதே. கடைசிப் பக்கத்தில் முதல்முறையாக என் முழுப் பெயரும் முகவரியும் எழுதியிருக்கிறேன். அவரே திருப்பிக் கொள்ளட்டும். மாப்பிள்ளை பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்கட்டும். அவர் திட்டினால் கேட்டுக்கொள். என் சார்பாகக் காரணம் ஒன்றும் சொல்லாதே. அழுதால் நீயும் அழுதுவிடாதே.

அண்ணன் எழுதிய வார்த்தையை அடிக்க வேண்டாம் என்று சங்கத்தாரிடம் சொல். அவர் எழுதியது பிழையல்ல, தேதியும் சரியானது. உயிரோடிருப்பவர் பட்டியலுக்கு அதை அப்படியே மாற்றி, பக்கத்தில் முகவரியைச் சேர்த்தால் போதும். சந்திரசேகரன் ஓய்வுபெற்றபின் மாடியை யார் பார்ப்பார்கள் என்றும் விசாரி. யாரும் இல்லையென்றால் மாணவர் இருவர் பெயரை எனக்கு எழுதச் சொல். ஒற்றைக்கு ஒருவர், இரட்டைக்கு ஒருவர். நான் அவர்களுக்கு மாதந்தோறும் எழுதுகிறேன், அவர்களும் எழுதட்டும். மழைமானி துருப்பிடித்திருந்தால் புதிது வாங்கி அனுப்புகிறேன். இனிமேல் பெயர் போட்டுத்தான் அனுப்புவேன்.

குழந்தைக்குத் தலையில் எண்ணெய் வைத்தபின் ஈரக் காற்றில் விடாதே. மாப்பிள்ளை அவர்களுக்கு என் அன்பைச் சொல். உங்கள் மூவருக்கும் எல்லா நன்மையும் பெருக வேண்டுமென்று உன் தாயாரும் நானும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். ஞாபகம்: டிசம்பர் 9, ஞாயிறு. மழைக்காலமாதலால் குடை கொண்டு போ. அவர் முகம் எப்படியிருந்தது என்று அன்றைக்கே எழுது, தேதி போட்டு.

என்றும் உன் நலம் கோரும் தகப்பனார்,
கு. தில்லைநாயகம்

இத்துடன் வைத்திருப்பவை:
1. மழைப் புத்தகம், 1934 ஜனவரி 1 முதல் அக்டோபர் 31 வரை. ஒன்று.
2. என் புகைப்படம், இம்மாதம் 5-ஆம் தேதி எடுத்தது. ஒன்று. (அவர் கேட்டால் மட்டும் காட்டு, மீசை நரைத்திருக்கிறது.)
3. ஆண்டு மலரின் 41, 42-ஆம் பக்கங்களைப் பார்த்து என் கையால் எழுதிய நகல். தாள் ஒன்று, இருபுறமும்.
4. சந்திரசேகரனுக்கு நான் எழுதிய கடிதம். இல்லை. ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். அதற்குப் பதிலாக என் முகவரி எழுதிய உறை ஒன்று, உள்ளே வெற்றுத் தாள் இரண்டு. இங்கத்திய தபால் தலை அங்கே செல்லாது, நீ வாங்கி ஒட்டிக் கொடு. இந்த முறை அவர் முதலில் எழுதட்டும். எவ்வளவு கோபமாக வேண்டுமானாலும் எழுதட்டும். வந்த அன்றே நான் பதில் எழுதுவேன்.